லூபின் தொடர் எதையும் பார்க்காதவர் ‘காலியோஸ்ட்ரோ கோட்டை’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை நேரடியாகப் பார்க்கலாமா? அதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பார்க்கலாம், தாராளமாக. நானே அப்படித்தான் பார்த்தேன். லூபின் யார், அவனுடன் திரிகிறவர்கள் யார் என்று எதுவும் தெரியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மின்வெட்டின்போது, மடிக்கணினியின் பேட்டரி தீர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு பார்த்தேன். படம் நூறு நிமிடம். பேட்டரி அதற்குமுன் தீர்ந்துவிட்டது. கடிகாரக் கோபுரத்தில் சண்டை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் திரை இருண்டது. மீதிக் கதைக்காக மாலை ஆறு மணிவரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் மற்றவர்கள் நான் வெயில் தாங்காமல் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

நான் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். இது பின்னால் தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன். இன்னொன்று: கீழே கதை முழுவதையும் போட்டு உடைத்திருக்கிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்த பிறகு வாருங்கள்.

முன்கதை என்று தெரிந்துகொள்ள வேண்டியது மிகக் குறைவு. பிரெஞ்சு எழுத்தாளர் மோரிஸ் லெப்லாங் 1905இல் ஆர்சேன் லூபேன் என்ற கனவான் திருடனை உருவாக்கினார். அவனுடைய பேரன் ஜப்பானியக் காமிக்ஸ் ஒன்றில் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தவர் மங்கி பஞ்ச் என்ற புனைபெயரில் வரைந்த கஸுஹிகோ காத்தோ. அவருடைய தொடர் 1967இல் ஒரு வார இதழில் தொடங்கியது. அந்தப் பேரன்தான் மூன்றாம் லூபின். குறி தப்பாமல் சுடும் ஜிகென் அவனுடைய நெருங்கிய கூட்டாளி. வாளேந்தி அதிகம் பேசாமல் நிற்பவன் கோயேமோன். ஃபுஜிகோ எந்தப் பக்கம் என்பது அவளுக்கே அந்தந்த நிமிடத்தில்தான் தெரியும். இவர்களை உலகமெல்லாம் துரத்துகிறவர் இன்ஸ்பெக்டர் ஸெனிகாதா. இவ்வளவு போதும். படமே எல்லாரையும் வந்த சில நொடிகளில் அறிமுகப்படுத்திவிடும்.

1979 டிசம்பரில் வெளியான இந்தப் படம்தான் ஹயாவோ மியாசாகி இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம். அவர் நண்பர்களோடு ஜிப்லி அனிமேஷன் நிறுவனத்தைத் தொடங்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. அப்போது அவருக்கு 38 வயது. லூபின் அவருக்குப் புதியவன் அல்லன். 1971இல் வந்த முதல் தொலைக்காட்சித் தொடர் பார்வையாளர்கள் இல்லாமல் தடுமாறியபோது, அதைப் பாதியில் எடுத்துக் காப்பாற்ற முயன்றவர்களில் அவரும் இன்னொரு இயக்குநரான இசாவோ தகாஹாட்டாவும் இருந்தார்கள். பெரிய பென்ஸ் காரில் பவனி வந்துகொண்டிருந்த லூபினை ஒரு குட்டி ஃபியட் 500க்கு மாற்றியது அந்தக் காலத்தில்தான். அந்தக் கார் அனிமேஷன் மேற்பார்வையாளர் யாசுவோ ஓட்சுகா சொந்தமாக ஓட்டியது. இந்தப் படத்திலும் அந்த ஃபியட்தான், மஞ்சள் நிறத்தில். மணப்பெண் கோலத்தில் தப்பியோடும் கதாநாயகி க்ளாரிஸ் ஓட்டும் சித்ரோயன் 2சிவி, மியாசாகி வைத்திருந்த வண்டி. படத்தின் மிகச் சிறந்த துரத்தல் காட்சியில் இயக்குநர் வண்டிக்கும் அனிமேட்டர் வண்டிக்கும் ஏற்பட்ட உறவை நினைத்து எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

இனி, ஏன் கொண்டாடுகிறார்கள் என்ற கேள்வி. வேகம், இசை, வரைந்த விதம் என்று பலரும் சொல்வார்கள். எல்லாம் உண்மை. என் காரணம் வேறு. உலகின் தலைசிறந்த திருடனைப் பற்றிய இந்தப் படத்தில் அவன் கைக்கு வந்த எதுவும் கையில் தங்குவதில்லை. ஒன்றொன்றாகக் கொடுத்துவிட்டு, கொட்டிவிட்டு, விட்டுவிட்டு, வந்தபடியே போகிறான்.

தொடக்கத்தையே பாருங்கள். மொனாக்கோ சூதாட்ட விடுதியைக் கொள்ளையடித்துவிட்டு லூபினும் ஜிகெனும் ஓடிவருகிறார்கள். துரத்த வந்த கார்கள் முன்பாதி வேறு பின்பாதி வேறாகப் பிளந்து விழுகின்றன. ஃபியட்டுக்குள் கழுத்துவரை பணம். இருவரும் பணத்தில் நீந்திக்கொண்டு சிரிக்கிறார்கள். லூபின் ஒரு நோட்டை எடுத்து உற்றுப் பார்க்கிறான். முகம் மாறுகிறது. கள்ள நோட்டு. அசலையே தோற்கடிக்கும் நேர்த்திக்குப் பெயர்போன ‘ஆட்டு நோட்டு’. அத்தனையையும் கூரை வழியாகச் சாலையில் அள்ளிக் கொட்டுகிறார்கள். அடுத்து வருவது சண்டையோ திட்டமோ அல்ல. மென்மையான ஒரு பாட்டு. இருவரும் வழியெல்லாம் தூங்கி, உண்டு, சோம்பி, காலியோஸ்ட்ரோ என்ற மலைநாட்டுக்குப் போய்ச் சேர்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை உறுப்பினர்களிலேயே மிகச் சிறிய நாடு, மக்கள் தொகை 3,500 என்று ஒரு வசனம் வரும். டயர் பஞ்சராகிறது. ஜிகென் கீழே வியர்க்க வியர்க்கச் சக்கரம் மாற்ற, லூபின் காரின்மேல் உட்கார்ந்து மேகம் பார்க்கிறான். ‘அமைதியாக இருக்கிறது, இல்லையா?’ என்கிறான். அப்போதுதான் க்ளாரிஸின் கார் சீறிக்கொண்டு போகிறது.

இந்த ஐந்து நிமிடச் சோம்பலுக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவசரமே தொழிலாகக் கொண்டவனை முதலில் உட்கார வைத்துவிட்டு, பிறகு ஓட விடுகிறார்கள்.

கதை சுருக்கமாக: நாட்டை ஆளும் கவுண்ட் (பிரபு), க்ளாரிஸை வற்புறுத்தி மணக்கப் பார்க்கிறான். அவனிடம் தங்க மோதிரம், அவளிடம் வெள்ளி மோதிரம். இரண்டும் சேர்ந்தால் அந்தக் குடும்பத்தின் பழைய புதையல் திறக்கும். லூபின் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, தொழிலுக்குப் புதியவனாக இருந்தபோது, இதே கள்ள நோட்டின் மூலத்தைத் தேடி வந்து, அடிபட்டு, சாகக் கிடந்தவன். ஒரு சிறுமி கொடுத்த தண்ணீரால் பிழைத்தவன். அந்தச் சிறுமிதான் க்ளாரிஸ் என்பதை அவன் அவளிடம் கடைசிவரை சொல்வதில்லை. நன்றிக்கடனைக்கூட வெளியே காட்டாமல் வைத்திருக்கிறான்.

கோட்டைக் கூரைக் காட்சி பற்றி ஒரு வார்த்தை. க்ளாரிஸ் அடைபட்டிருக்கும் கோபுரத்துக்குக் கயிறு கட்டிய சிறிய ராக்கெட்டை விட்டுத் தாவுவதுதான் லூபினின் திட்டம். லைட்டர் பற்றவில்லை. மறுபடி தட்டுகிறான், பற்றவில்லை. அதற்குள் ராக்கெட் கை நழுவி, சரிவான கூரையில் உருளத் தொடங்குகிறது. பிடிக்கப் போனவனுக்கு நிற்க முடியவில்லை; நடை ஓட்டமாகிறது, ஓட்டம் பாய்ச்சலாகிறது, நிலவொளியில் கூரை விட்டுக் கூரை தாவி, கடைசியில் போக நினைத்த கோபுரச் சுவரிலேயே பல்லிபோல ஒட்டிக்கொள்கிறான். திட்டம் பாழானதால்தான் போய்ச் சேர்ந்தான். பின்னணி இசை பெரிதாக எதுவும் இல்லை. அதனால் சிரிப்பும் பயமும் ஒன்றாக வருகின்றன.

உள்ளே போன பிறகு அவன் செய்வதைப் பாருங்கள். அவள் தவறவிட்ட மோதிரம் அவனிடம் இருக்கிறது. அதைத் திருப்பித் தருவதுபோல ஒன்றைத் தருகிறான்; அது போலி என்பது பிறகுதான் தெரியும். அவளுக்குத் தர இப்போது அவனிடம் வேறொன்றும் இல்லை. வெறும் கையை முறுக்கி ஒரு சிறு ரோஜாவை வரவழைக்கிறான். ‘இப்போதைக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான்’ என்று சொல்லி, அதன் காம்பிலிருந்து குட்டித் தேசியக் கொடிகளை மாலைபோல இழுக்கிறான். திருடன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் கொடுத்துவிட்டு நிற்கிற இடம் இது. படம் முழுவதும் இந்த ஒரு காட்சியைத்தான் வெவ்வேறு அளவுகளில் திரும்பச் செய்கிறது என்று தோன்றும்.

இப்போது அச்சகத்துக்கு வருகிறேன். ஆரம்பக் காட்சிகளில் ஒன்றில் கவுண்ட் ஒரு நோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்துக்கொண்டிருப்பான். தரம் குறைந்துகொண்டே வருகிறது, அசலைவிடச் சிறந்தது என்று புகழப்பட்ட பழைய பெருமையை மீட்க வேண்டும் என்பான். இந்தக் கொடியவன்மேல் எனக்கு ஒரு கணம் மரியாதை வந்துவிட்டது. சென்ற ஆண்டு ஒரு திருமண அழைப்பிதழ் வேலையில், தங்க நிறம் கொஞ்சம் பித்தளையாக விழுந்துவிட்டது என்று மூன்று ரீம் காகிதத்தை அப்படியே திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர் நினைவுக்கு வந்தார். அவரும் இப்படித்தான் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

பின்னால் லூபினும் ஸெனிகாதாவும் கோட்டையின் அடியில் ஒரே குழியில் மாட்டிக்கொண்டு, வழி தேடி அச்சுக்கூடத்தை அடைகிறார்கள். எந்திரங்கள், உலர்ந்துகொண்டிருக்கும் தாள்கள், எல்லா நாட்டுப் பணமும் கட்டுக்கட்டாக. லூபின் அந்தப் பணத்தின் வரலாற்றைச் சொல்கிறான்: பிரான்சின் பூர்போன் வம்சத்தை அழித்தது, நெப்போலியனுக்குப் படைச்செலவு கொடுத்தது, 1927இல் உலகப் பொருளாதாரத்தைக் கவிழ்த்தது என்று. எல்லாம் கதை விட்டதுதான். ஆனால் காலியோஸ்ட்ரோ என்ற பெயரில் உண்மையாகவே ஒரு மோசடிப் பேர்வழி இருந்தான். பாலெர்மோவில் 1743இல் ஜூசெப்பே பால்சமோவாகப் பிறந்தவன். 1785இல் பிரெஞ்சு அரசவையை உலுக்கிய வைர மாலை விவகாரத்தில் சிறைக்குப் போனவன். லெப்லாங்கும் அந்தப் பெயரைக் கதைக்குப் பயன்படுத்தியிருக்கிறார். பெயரைக் கேட்டதும் பொய்யின் வாசனை வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பெயர் இல்லை.

இந்தப் படத்தின் மறைவான கதாநாயகர் ஸெனிகாதா என்பது என் கட்சி. தப்பித்து வந்தவர் கள்ள நோட்டு ஆதாரத்தோடு இன்டர்போலிடம் போகிறார். வல்லரசுகளின் பிரதிநிதிகள் நீயா நானா என்று ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு கோப்பை மூடிவிடுகிறார்கள். பிறகு திருமண நாளில் லூபினைப் பிடிக்கிறேன் என்ற சாக்கில், தொலைக்காட்சி நேரலைக் கேமராவைப் பின்னால் அழைத்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்குள் நுழைகிறார். நோட்டுக் கட்டைக் கையில் தூக்கி, மனப்பாடம் செய்த பள்ளி நாடக வசனம்போல, ‘அடடா, லூபினைத் துரத்தி வந்த இடத்தில் பயங்கரமான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேனே, என்ன செய்வது?’ என்கிறார். நடிக்கவே தெரியாத நேர்மையான மனிதர் நடிக்கும் காட்சி. குரல் கொடுத்த கோரோ நாயா அந்த வரியை எவ்வளவு மட்டமாகச் சொல்ல வேண்டுமோ அவ்வளவு மட்டமாகச் சொல்லியிருக்கிறார். ஆங்கில ஒலிமாற்றத்தில் பார்த்தால் இந்தச் சுவை போய்விடும். ஜப்பானிய ஒலியில் துணைவரிகளோடு பாருங்கள்.

முடிவில் கடிகார முட்களுக்கு நடுவே கவுண்ட் நசுங்க, கோபுரம் சரிந்து, ஏரி நீர் வடிந்து, அடியில் ஒரு பழைய ரோமானிய நகரம் தெரிகிறது. அதுதான் புதையல். லூபின் பார்த்துவிட்டு, இது என் சட்டைப்பைக்குக் கொள்ளாது என்கிறான். க்ளாரிஸ் தன்னையும் கூட்டிப்போகக் கேட்கிறாள். அவளை அணைக்க எழுந்த அவன் கைகள் அவள் தோளைத் தொடாமல் நடுங்கி நிற்கும் அந்த இரண்டு நொடியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நெற்றியில் ஒரு முத்தம், அவ்வளவுதான். சிறிது நேரத்தில் ஸெனிகாதா மூச்சிரைக்க வந்து, ‘அவன் பயங்கரமான ஒன்றைத் திருடிப் போய்விட்டான். உங்கள் இதயத்தை’ என்கிறார். அச்சுக்கூடத்தில் சொன்ன அதே ‘பயங்கரமான’ என்ற சொல். அங்கே பொய்யாகச் சொன்னதை இங்கே மெய்யாகச் சொல்கிறார்.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். மங்கி பஞ்ச் வரைந்த லூபின் இவ்வளவு நல்லவன் அல்லன். பெண்கள் விஷயத்தில் மிக மோசமானவன். படம் சிறப்பானது, ஆனால் இது என் லூபின் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்தப் படத்தை விரும்பிவிட்டு மூலக் காமிக்ஸுக்குப் போனால் திடுக்கிடுவீர்கள். கோயேமோனுக்கும் இதில் பெரிய வேலை இல்லை. அவனுடைய ரசிகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்டால், இரண்டாம் தொலைக்காட்சித் தொடரில் மியாசாகி வேறு பெயரில் இயக்கிய 145, 155 ஆகிய இரண்டு பகுதிகளைச் சொல்வேன். 155இல் வரும் பறக்கும் ரோபோவைப் பிற்பாடு ஜிப்லி படத்திலும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

கடைசிக் காட்சியில் வெறுங்கையோடு போகாத ஒரே ஆள் ஃபுஜிகோ. மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்து, கள்ள நோட்டு அச்சடிக்கும் பிளேட்டுகளைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பறக்கிறாள். லூபின் வாய் பிளந்து அவள் பின்னால் ஓட்டுகிறான். எல்லாரும் சிரிக்கும் இடம். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே கவலை: பிளேட் கிடைத்துவிட்டது, சரி. அந்தக் காகிதத்துக்கு எங்கே போவாள்?