ஆய்வேட்டில் பிறருடைய படங்களைச் சேர்த்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா? நூலகம் உதவுமா?

முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். பிறர் கட்டுரைகளிலிருந்து எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. நீங்களே வெளியிட்ட இரண்டு கட்டுரைகள் அத்தியாயங்களாக வருகின்றன. இதில் நூலகம் என்ன செய்ய முடியும் என்பது உங்கள் கேள்வி. நான் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் ஆய்வேடுகளை வாங்கிச் சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றும் பிரிவில் இருக்கிறேன். தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நூலகம் நிச்சயம் உதவும். எவ்வளவு உதவ முடியும் என்பது நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானோர் வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய வாரம், சான்றிதழில் கையெழுத்து வாங்க மட்டும் வருகிறார்கள். அதற்குள் கட்டுரைகளின் உரிமையை இதழுக்குக் கொடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும், படங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் மறந்திருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் பத்து சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பத்து சதவீதம் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 கருத்துத்திருட்டுத் தடுப்பு விதியில் வருவது. பதிப்புரிமை வேறு சட்டம், வேறு கேள்வி. படத்தின் கீழே ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டுவிட்டால் திருட்டுக் குற்றச்சாட்டு வராது. ஆனால் அந்தப் படத்தை மறுபடி வெளியிட உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

வெளியிடுவது என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். முன்பு ஆய்வேடு அலமாரியில் இரண்டு பிரதியாக இருந்தது. யுஜிசியின் 2009 விதியும் அதற்குப் பின் வந்த 2016 விதியும் மின்பிரதியைக் கட்டாயமாக்கிய பிறகு, அது காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் உலகமே படிக்கும்படி ஏறுகிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பிறர் படைப்பைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. ஒரு படத்தை எடுத்து வைத்து அதன் முடிவை நீங்கள் அலசி மறுத்திருந்தால் அந்தப் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும் என்பது என் கருத்து. முதல் அத்தியாயத்தில் பின்னணி விளக்கத்துக்காக ஒட்டிய வண்ணப்படங்களுக்கு அந்த வாதத்தை வைப்பது கஷ்டம். அவற்றுக்கு அனுமதி வாங்கிவிடுங்கள்.

அது நீங்கள் பயப்படுகிற அளவுக்குச் சிரமமான வேலை இல்லை. பெரிய பதிப்பகங்களின் கட்டுரைப் பக்கத்திலேயே அனுமதி கேட்கும் பொத்தான் இருக்கும். அது பெரும்பாலும் ரைட்ஸ்லிங்க் என்ற சேவைக்குக் கொண்டுபோகும். அங்கே பயன்பாடு என்ன என்று கேட்கும் இடத்தில் ஆய்வேடு என்பதைத் தேர்ந்தெடுத்தால், பல பதிப்பகங்களில் கட்டணம் பூஜ்யம் என்றே வரும். உரிம எண்ணோடு வரும் கடிதத்தைச் சேமித்து, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். சிறிய இதழ்களுக்கு மின்னஞ்சல்தான் வழி. பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்போது கட்டுரையில் உள்ள எண்களை எடுத்து உங்கள் வரைபடத்தை நீங்களே வரையுங்கள். எண்களும் உண்மைகளும் யாருக்கும் சொந்தமில்லை, அவற்றை வரைந்து காட்டிய விதத்துக்குத்தான் உரிமை.

பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த கட்டுரை என்றால் வேலை இன்னும் எளிது, ஆனால் உரிமத்தின் பெயரை முழுதாகப் படிக்க வேண்டும். சிசி பை (CC BY) என்று மட்டும் இருந்தால் ஆசிரியர், மூலம், உரிமம், நீங்கள் செய்த மாற்றம் நான்கையும் குறிப்பிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கடைசியில் என்டி (ND) என்ற எழுத்துகள் இருந்தால் மாற்றி வெளியிட அனுமதி கிடையாது. தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: படத்திலுள்ள ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கிப் போடுவதும் மாற்றம்தான்.

இனி உங்கள் சொந்தக் கட்டுரைகள். நான் எழுதியதை நான் பயன்படுத்த யாரைக் கேட்க வேண்டும் என்று கோபமாகக் கேட்கும் ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, நியாயமானதும்கூட. வரிப்பணத்தில் ஆய்வு செய்து, சம்பளம் வாங்காமல் எழுதி, உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் படிவம்தான் பேசும். நல்லவேளையாக எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர் போன்றவை ஆசிரியர் தன் கட்டுரையைத் தன் ஆய்வேட்டில் சேர்க்க அனுமதிக்கின்றன. மூலத்தைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். மின், மின்னணுப் பொறியியல் இதழ்களை வெளியிடும் ஐஈஈஈ (IEEE) அமைப்பில் ஒரு நிபந்தனை உண்டு: இணையத்தில் ஏறும் ஆய்வேட்டில் அச்சான பிடிஎஃப் கூடாது, மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் கையெழுத்துப் பிரதிதான் வரலாம்.

அந்த ஏற்கப்பட்ட பிரதியைத்தான் யாரும் பத்திரப்படுத்துவதில்லை. மதிப்பாய்வாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து கடைசியாக அனுப்பினீர்களே, அந்த வேர்டு கோப்புதான் அது. இதழின் வடிவமைப்பு இருக்காது, உள்ளடக்கம் அதேதான். பல பதிப்பகங்கள் அதைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாக வைக்க விடுகின்றன. எந்த இதழ் எதை விடுகிறது என்று பார்க்க ஷெர்பா ரோமியோ என்ற தரவுத்தளம் இருந்தது. இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்துகிறது. இதழின் பெயரைச் சொன்னால் நூலகத்திலேயே பார்த்துச் சொல்லிவிடுவோம்.

அடுத்த கட்டுரை ஏற்கப்பட்டதும் படிவம் வருமே, அதில் கையெழுத்துப் போடும் முன் எங்களிடம் கொண்டுவாருங்கள். உரிமையை முழுதாக மாற்றுகிறீர்களா, வெளியிடும் உரிமத்தை மட்டும் கொடுக்கிறீர்களா, எந்தப் பிரதியை எங்கே போடலாம் என்பதைப் படித்துக் காட்டுவோம். வழக்கறிஞர் செய்யும் வேலையை நாங்கள் செய்ய முடியாது. என்ன எழுதியிருக்கிறது என்று விளக்க முடியும், அதுவே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

பட்டம் வாங்கியதும் ஆய்வேட்டை நூலாக்கித் தருகிறோம் என்று மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். அவசரப்படாதீர்கள். உள்ளூர்ப் பதிப்பாளரோடு ஒப்பந்தம் போட்டாலும் காலமும் எல்லையும் எழுதச் சொல்லுங்கள். நம் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாய்ப்பேச்சில் உரிமை மாறாது, எழுத்து வேண்டும்.

தமிழ்த் துறைக்காரர்கள் கேட்பது வேறு. நாட்டுடைமையான எழுத்தாளர் என்றால் அனுமதி வேண்டாமே என்பார்கள். அந்த எழுத்தாளரின் மூலப் படைப்புக்கு வேண்டாம். ஆனால் அதைப் பின்னாளில் ஒருவர் பாடவேறுபாடு பார்த்துப் பதிப்பித்திருந்தால், அவருடைய முன்னுரையும் அடிக்குறிப்புகளும் அவருக்கே சொந்தம். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கழிந்த நூல்களுக்கும் இதே கணக்குதான்.

நகல் எடுப்பது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பாடத்துக்காக நூல்களின் பகுதிகளைத் தொகுத்து நகலெடுக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் சொன்னது, டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ராமேஸ்வரி நகலகத்தின் மீது மூன்று வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில். நம் மாணவர்களுக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அது. நூலகச் சந்தாவில் வரும் மின்னிதழ்களுக்கு மட்டும் ஒப்பந்த நிபந்தனைகள் தனி. 2025 ஜனவரியில் மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் தொடங்கியபின் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ பதின்மூவாயிரம் இதழ்கள் படிக்கக் கிடைக்கின்றன. படிக்கலாம், உங்கள் வேலைக்கு இறக்கி வைத்துக்கொள்ளலாம். மென்பொருள் வைத்து மொத்தமாக இறக்கினால் பதிப்பகம் வளாகம் முழுவதற்குமான இணைப்பையே நிறுத்திவைக்கும். மற்ற மாணவர்களும் சேர்ந்துதான் தவிப்பார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வரும்போது ஒரு எக்செல் தாளில் ஒவ்வொரு படத்துக்கும் அத்தியாயம், மூலக் கட்டுரை, டிஓஐ எண் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்), அப்படியே எடுத்ததா மாற்றியதா என்பதை நிரப்பிக்கொண்டு வாருங்கள். உங்கள் இரண்டு கட்டுரைகளின் ஒப்பந்தப் படிவங்களையும் கொண்டுவாருங்கள். காணவில்லை என்றால் இதழின் ஆசிரியர் கணக்கில் நுழைந்து தேடுங்கள், பல இதழ்களில் அங்கே கிடைக்கும். உங்கள் நூலகத்தில் இதற்கென்று தனி மேசை இல்லாவிட்டால் சோத்கங்கா ஒருங்கிணைப்பாளர் யார் என்று கேளுங்கள். பல இடங்களில் அது நூலகரேதான். அனுமதிகள் வந்துசேரச் சில வாரம் பிடிக்கும், ஆகவே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருக்கும்போதே போய்விடுங்கள்.