சிவப்பு பச்சை கோடு: ஜெனரேட்டர் போட்டோ பத்தி ஒரு வாசகர் கடிதம்

அண்ணா வணக்கம். நீங்க போடற ஜெனரேட்டர் போட்டோ எல்லாம் ரெண்டு வருஷமா பாத்துட்டு இருக்கேன். திருவிழாவுக்கு வர்ற ஆயில் இன்ஜின், சைக்கிள் டைனமோ, ஆரல்வாய்மொழி காத்தாலை, பழைய பைக்கோட மேக்னட் காயில்னு ஒண்ணு விடாம எடுக்கறீங்க, நடுவுல நீங்களே செஞ்சதையும் போடறீங்க. பாக்க ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கே, எல்லாம் ஒரே வேலையத்தான் செய்யுதா?

இன்னொண்ணு, என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு ஜெனரேட்டர் செய்யணும்ங்கறா. கடையில கிட் கிடைக்குது, சுத்தினா பல்பு எரியும், ஆனா பாதி பேர் அதத்தான் கொண்டு வருவாங்களாம். வீடியோல ஒருத்தர் மோட்டாரையும் டைனமோவையும் பெல்ட்ல கட்டி, ஒரு தடவ சுத்தி விட்டா கரண்டே வேணாம் அதுவா ஓடிட்டே இருக்கும்னு காட்டறார், அத செய்யலாமானு கேக்கறா. அவளுக்கு போட்டோ எடுக்கறதுல ரொம்ப ஆசை, அதையும் சேத்து ஏதாவது சொல்லுங்க.

– பழனியிலிருந்து ஒரு வாசகி

வணக்கம்மா.

முதல்ல அந்த பெல்ட் வீடியோ. அத செய்ய வேணாம். அது ஓடாது, வீடியோல ஓடுதுன்னா எங்கயோ பேட்டரியோ வயரோ மறைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஏன் ஓடாதுன்னு பாப்பாவுக்கு வாயால சொல்ல வேணாம், சைக்கிள ஸ்டாண்டு போட்டு பெடல கையால சுத்தச் சொல்லுங்க, டைனமோ டயர்ல ஒட்டியிருக்கணும் ஆனா பல்பு வயர கழட்டி விட்டுடணும். அப்பறம் வயர மாட்டிட்டு திரும்ப சுத்தட்டும். இப்ப கை கனக்கும். பல்பு எரியறது அந்த கனத்துல இருந்துதான், வேற எங்க இருந்தும் வரல, கைய எடுத்தா ரெண்டு சுத்துல நின்னுடும்.

இந்த கனத்த போட்டோல கொண்டு வர முடியுமாங்கறதுதான் நான் இத்தன வருஷமா எடுக்கறதுக்கே காரணம். திருவிழா ஆயில் இன்ஜின் கிட்ட ராத்திரி ஏழு மணிக்கு போய் நில்லுங்க, சும்மா ஓடும்போது டுக்… டுக்…னு சாந்தமா ஓடிட்டு இருக்கும், சவுண்ட் சர்வீஸ் தம்பி சீரியல் லைட் சுவிட்ச போட்ட உடனே சத்தம் ஒரு நொடி அமுங்கும், இன்ஜின் வேகத்த சரி பண்ற கவர்னர்ங்கற பாகம் டீசல கூட்டி விடும், புகைக்குழாய்ல கறுப்பா ஒரு பொக, அந்த நேரத்துலயே கோபுரத்துல லைட் எரியும். பொகையும் லைட்டும் ஒரே பிரேம்ல வர்றதுக்கு நான் மூணு திருவிழா காத்திருக்கேன். வெறும் மிஷின மட்டும் எடுத்தா அது கேட்லாக் படம் மாதிரிதான் இருக்கும்.

எல்லாம் ஒரே வேலையான்னு கேட்டீங்க. ஆமா, நீங்க சொன்ன நாலும் ஒரே வேலைதான். காந்தமும் கம்பிச் சுருளும் பக்கத்து பக்கத்துல இருக்கணும், ரெண்டுல ஒண்ணு அசையணும். 1831ல ஃபாரடேங்கற விஞ்ஞானி கண்டுபிடிச்சது இதத்தான். சைக்கிள் டைனமோல காந்தம் சுத்தும், காயில் சும்மா இருக்கும். பைக்லயும் அப்படித்தான், பிளைவீலுக்குள்ள காந்தம் ஒட்டியிருக்கும். பழைய கார் டைனமோல நேர் எதிர், காயில்தான் சுத்தும், கார்பன் பிரஷ் வழியா கரண்ட எடுப்பாங்க. ஆரல்வாய்மொழில இருக்கற பழைய குட்டி காத்தாலைகள்ல பாத்தீங்கன்னா நிரந்தர காந்தமே கிடையாது, லைன்ல இருந்து கொஞ்சம் கரண்ட வாங்கித்தான் உள்ள காந்தத்த உண்டாக்கிக்கும், அதனால வெளிய எவ்வளவு காத்தடிச்சாலும் லைன்ல கரண்ட் போச்சுன்னா அதுவும் நின்னுடும். இது தெரிஞ்சப்பறம் எனக்கு அந்த காத்தாலைய பாக்கற பார்வையே மாறிடுச்சு, இறக்கைய மட்டும் எடுத்துட்டு இருந்தவன் கீழ இருக்கற டிரான்ஸ்பார்மரையும் லைனையும் சேத்து எடுக்க ஆரம்பிச்சேன். (இறக்கைக்கு ஒரு விஷயம்: 1/1000 ஷட்டர்ல எடுத்தா நின்னு போன காத்தாலை மாதிரி இருக்கும், கால் நொடி வைங்க, ஸ்டாண்டு கண்டிப்பா வேணும்.)

ஆயில் இன்ஜின்ல பெரிய பிளைவீலும், அது சுத்தி விட்டு கரண்ட் எடுக்கற ஆல்டர்னேட்டர்ல சின்ன புல்லியும் இருக்கறதும் அழகுக்கு இல்ல. அந்த மாதிரி பழைய இன்ஜின் நிமிஷத்துக்கு 650 சுத்துதான், நாலு துருவம் இருக்கற ஆல்டர்னேட்டர் 1500 சுத்தினாத்தான் நம்ம வீட்டு 50 சைக்கிள் கரண்ட், அதாவது நொடிக்கு 50 தடவ முன்ன பின்ன போற கரண்ட் வரும், அந்த கணக்கத்தான் பெல்ட் சரி பண்ணுது. பக்கவாட்டுல இருந்து எடுத்தா அந்த கணக்கே படத்துல தெரியும்.

இப்ப பாப்பா செய்ய வேண்டியது. கிட் வேணாம். வைண்டிங் கடையில 36 கேஜ் எனாமல் காப்பர் வயர் 60 கிராம் கேளுங்க, மோட்டார் காயில் கட்டறவங்க எடை போட்டுதான் குடுப்பாங்க. ஒரு சின்ன அட்டைப் பெட்டி, சுத்தளவு 20 சென்டிமீட்டர் இருக்கட்டும், நடுவுல ஓட்டை போட்டு நீள ஆணி ஒண்ண சொருகி, உள்ள நியோடிமியம் காந்தத்த ஆணிக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுங்க. பெட்டி மேல 1000 சுத்து. அவசரப்படாம சுத்தணும், அறுந்தா ரொம்ப கஷ்டம். முனை ரெண்டையும் உப்புத்தாள்ல நல்லா சுரண்டி செம்பு பளபளன்னு தெரியணும், நான் முதல்ல செஞ்சப்ப இத விட்டுட்டு ரெண்டு நாள் காந்தத்த மாத்தி மாத்தி பாத்தேன், தப்பு முனையில இருந்துச்சு. ஆணிய கை டிரில்லுல மாட்டி வேகமா சுத்தணும்.

பல்பு வேணாம், எல்ஈடி போடுங்க. சிவப்பு ஒண்ணு பச்சை ஒண்ணு, ரெண்டையும் பக்கத்து பக்கத்துல, ஒண்ணோட நீளக்கால் இன்னொண்ணோட குட்டக்காலோட சேர்ற மாதிரி தலைகீழா இணைச்சு காயில் முனையில மாட்டுங்க. சுத்தினா ரெண்டும் சேந்து எரியற மாதிரிதான் கண்ணுக்கு தெரியும். அங்கதான் கேமரா வரணும்.

ராத்திரி ரூம் லைட்ட எல்லாம் அணைச்சுட்டு, போன் கேமராவ ப்ரோ மோடுக்கு மாத்தி ஷட்டர் 1 நொடி, ஐஎஸ்ஓ 100 வைங்க. ஒருத்தர் டிரில்ல சுத்தட்டும், பாப்பா பட்டன அமுக்கிட்டு போன இடதுல இருந்து வலதுக்கு ஒரே சீரா வீசணும். படத்துல சிவப்பு பச்சை சிவப்பு பச்சைனு கோடு கோடா விழும், நடுவுல கொஞ்சம் கொஞ்சம் கறுப்பு. கரண்ட் அந்தப் பக்கம் போறப்ப சிவப்பு, இந்தப் பக்கம் திரும்பறப்ப பச்சை, கறுப்பு வர்றது திரும்பற நேரம், எல்ஈடி எரியற அளவுக்கு வோல்ட்டேஜ் இல்லாத நேரம். ஏசி கரண்ட்னு புஸ்தகத்துல வளைவு வளைவா போட்டிருக்கறத அவளே செஞ்ச மிஷின்ல அவளே போட்டோ எடுத்து காட்டலாம்.

இந்த முன்ன பின்ன போறத ஒரு காலத்துல கோளாறுன்னே நெனச்சாங்க. 1832ல பாரீஸ்ல பிக்ஸின்னு ஒருத்தர் கைப்பிடி வச்சு காந்தத்த சுத்தற மிஷின் செஞ்சார், கரண்ட் திரும்பி திரும்பி வந்துச்சு, யாருக்கும் அது பிடிக்கல, ஆம்பியர்ங்கற விஞ்ஞானி சொன்ன யோசனைல கம்யூட்டேட்டர்ங்கற ஒரு பாகம் வச்சு ஒரே பக்கம் போற மாதிரி மாத்தினாங்க. எழுபது வருஷம் கழிச்சு 1902ல காவிரி தண்ணில சிவசமுத்திரத்துல எடுத்த கரண்ட் 147 கிலோமீட்டர் தாண்டி கோலார் தங்கவயலுக்கு போச்சே, நம்ம ஊர்ல இருந்து போன அத்தன பேர் பூமிக்கடியில வேல பாத்த இடத்துக்கு, அவ்வளவு தூரம் போக முடிஞ்சதே அது முன்ன பின்ன போற கரண்ட்டா இருந்ததாலதான், டிரான்ஸ்பார்மர் வச்சு வோல்ட்டேஜ ஏத்தி எறக்க முடிஞ்சுது. இத எக்ஸிபிஷன்ல அவ சொல்லட்டும், அந்த போட்டோவ பக்கத்துல ஒட்டி வச்சுட்டு சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்க. மைக்ரோவேவ் தட்டு மோட்டார் மாதிரி 230 வோல்ட் மோட்டார கையால சுத்தி கரண்ட் எடுக்கற வீடியோவும் சுத்துது, அதுல நெசமாவே ஷாக் அடிக்கும், புள்ளைங்க கையில குடுக்காதீங்க.

கோடு எல்லாம் ஒரே அளவா வரலன்னா படத்த அழிச்சுட வேணாம்மா. போன சீரா வீசியும் கோடு குட்டையா இருக்கற எடத்துல டிரில் வேகமா சுத்தியிருக்கு, நீளமா இருக்கற எடத்துல கை சோந்திருக்கு.