மரமேறும் எறும்புகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

எலுமிச்சைச் செடியில் எறும்புகள் சாரைசாரையாக ஏறுகின்றன. இலைகளைத் தின்றுவிடுமா?

பெரும்பாலும் எறும்பு இலைக்காக வருவதில்லை. இளந்தளிரையும் இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீர்தான் எறும்புகளை மேலே இழுக்கிறது.

கழிவு எப்படி இனிக்கும்?

இந்தப் பூச்சிகள் ஊசி போன்ற வாயால் மரத்தின் உணவுக் குழாயைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகின்றன. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. அந்தக் கொஞ்சத்தைச் சேர்க்க நிறையக் குடித்தாக வேண்டும். அப்படியும் போதாத அமிலங்களை அசுவினியின் உடலுக்குள்ளேயே வாழும் புக்னேரா என்ற பாக்டீரியா செய்து தருகிறது. மிஞ்சும் சர்க்கரை துளித்துளியாக வெளியேறுகிறது. எறும்பு தன் உணர்கொம்பால் வருடினால், பல அசுவினி இனங்கள் உடனே ஒரு துளி விடும். எனக்குத் தெரிந்து, ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு தோட்டத்தில் பார்க்கக் கூடியவற்றில் இதைவிட அருமையான காட்சி இல்லை.

எறும்பு அசுவினியை மாடு போல வளர்க்கிறது என்கிறார்களே?

ஓரளவு சரிதான். பொறிவண்டு, அதன் புழுக்கள், ஒட்டுண்ணிக் குளவி என எது வந்தாலும் எறும்பு விரட்டும். முசுறு எறும்புகள் மாவுப்பூச்சிகளைச் சுற்றி இலைகளைத் தைத்துக் கூரையே போடும். அக்ரோபைகா என்ற எறும்பு வகையின் இளம் ராணி, கூட்டை விட்டுப் பறக்கும்போது ஒரு மாவுப்பூச்சியைத் தாடையில் கவ்விக்கொண்டு போகும். புதுக் கூட்டில் வேர்ச் சாற்றை உறிஞ்சி வாழப்போகும் மாவுப்பூச்சிகளுக்கு அதுதான் தாய்.

ஆனால் இது பாசம் அல்ல. புரதம் தேவைப்பட்டால் எறும்பு அதே அசுவினியைத் தின்றுவிடும்.

இலைகளில் கரி பூசியது போல இருக்கிறதே?

சிந்திய இனிப்பு நீரில் வளரும் கரும்பூசணம். இலைக்குள் நுழையாது, வெயிலை மறைக்கும். ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும்.

மருந்து அடிக்கலாமா?

அவசரப்படாதீர்கள். பல மருந்துகள் பொறிவண்டையும் சேர்த்துக் கொல்லும். முதலில் எறும்பின் வழியை அடைத்துவிடுங்கள். தண்டைச் சுற்றி அட்டையோ துணியோ இறுக்கமாகக் கட்டி, அதன் மேல் ஒட்டும் பசையைத் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவினால் காயம் படலாம். அப்புறம், சுவரையோ பக்கத்து மரத்தையோ தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். ஒரே ஒரு கிளை தொட்டாலும் எறும்புக்குப் பாலம் கிடைத்துவிடும். அசுவினியைத் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்க்கலாம். காவல் போனதும் மீதியைப் பொறிவண்டுகளும் குளவிகளும் பார்த்துக்கொள்ளும். சில வாரம் பொறுங்கள். பசையில் தூசி படிந்தால் மட்டும் புதிதாகத் தடவுங்கள்.