கோளக் கொத்தில் நட்சத்திரங்கள் பிரிந்து தெரியவில்லையா?

கேள்வி: என்னுடையது 6 அங்குலத் தொலைநோக்கி. ஹெர்குலிஸ் விண்மீன் மண்டலத்திலுள்ள எம்13 (மெஸ்ஸியே பட்டியலின் 13ஆம் பொருள்) ஒரு கோளக் கொத்து, அதாவது உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம். ஆனால் எனக்கு வெறும் புகைத் திட்டாகத்தான் தெரிகிறது. கருவியில் குறையா?

பதில்: கருவியைச் சந்தேகிக்கும் முன் உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். எம்13இன் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களே ஏறக்குறைய 12ஆம் ஒளித்தரம்தான். இந்த எண் கூடக்கூட ஒளி மங்கும்; வெறுங்கண்ணின் எல்லை 6. உருப்பெருக்கம் 40, 50 மடங்கு என்றால் அவை வானத்தின் பின்னணி வெளிச்சத்தில் கரைந்துவிடும். 150 மடங்குக்குப் போங்கள். பின்னணி இருண்டுவிடும், ஆனால் நட்சத்திரம் புள்ளியாகவே இருப்பதால் அதன் ஒளி அதே அளவில் மங்காது. மங்கலான பொருள் எதற்கும் குறைந்த உருப்பெருக்கமே நல்லது என்ற அறிவுரையைக் கோளக் கொத்துகளுக்கு நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். 1764இல் எம்13ஐப் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே, அதை நட்சத்திரமே இல்லாத நெபுலா (மேகம் போன்ற திட்டு) என்றுதான் பதிவுசெய்தார். அங்கே இருப்பவையோ பல லட்சம் நட்சத்திரங்கள்!

கேள்வி: 150 மடங்கிலும் ஓரத்தில் சில புள்ளிகள் மின்னி மறைகின்றன, அவ்வளவுதான்.

பதில்: நீங்கள் சரியான வழியில்தான் இருக்கிறீர்கள். அரைமணி நேரம் இருளில் இருந்துவிட்டு, கொத்தின் மையத்தை நேராகப் பார்க்காமல் பார்வையைச் சற்றே விலக்குங்கள். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. காற்று நொடிப்பொழுது அசைவற்று நிற்கும்போது புள்ளிகள் சட்டென்று பெருகும். அந்த நொடிக்காகக் காத்திருங்கள், கண்ணை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: படங்களில் உள்ள நிறங்கள்?

பதில்: கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு மங்கிய ஒளியில் நம் கண் நிறம் பிரிப்பதில்லை.

கேள்வி: ஒரு கோளக் கொத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதானே?

பதில்: இல்லவே இல்லை! கேட்டை நட்சத்திரத்துக்கு மேற்கே ஒன்றேகால் பாகையில் எம்4 இருக்கிறது. தளர்வான கொத்து, நடுவே நட்சத்திரங்கள் ஒரு கோடாக வரிசைகட்டி நிற்கும். பெகாசஸில் உள்ள எம்15 நேர்மாறு: அதன் மையம் நெருங்கி ஒளிரும் ஒரே முடிச்சு. தனுசு ராசியின் எம்22 ஏறக்குறைய 10,000 ஒளியாண்டு தொலைவில் இருப்பதால் எம்13ஐவிட எளிதாகப் பிரிந்து தெரியும். வடக்கே வெகுதூரத்தில் இல்லாதவர்கள் ஒமேகா செண்டாரியைத் தவறவிடக் கூடாது. சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் தெற்கே சுமார் 36 பாகையில், இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கே தெரியும். சித்திரை உச்சத்தில் இருக்கும்போது தேடுங்கள். அப்போதுதான் இதுவும் தென்வானில் மிக உயரத்தில் நிற்கும்.