தைமூர் என்றால் இரும்பு: கேள்விகளும் பதில்களும்

துருக்கிய (துருக்கி முதல் கசகஸ்தான் வரை பேசப்படும் மொழிக் குடும்பம்) ஆண் பெயர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் 14ஆம் நூற்றாண்டு மத்திய ஆசிய மன்னர் தைமூரைத்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் இன்று முழுக்க அவர்தான்.

கேள்வி: தைமூர் அரபுப் பெயர்தானே?

இல்லவே இல்லை. துருக்கியச் சொல், பொருள் 'இரும்பு'. மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் இருக்கும் 8ஆம் நூற்றாண்டுத் துருக்கியக் கல்வெட்டுகளில் 'தெமிர் கபிக்' என்று ஓர் இடம் வருகிறது, இரும்பு வாசல் என்று அர்த்தம். குழப்பம் வந்தது எழுத்தால். அரபு எழுத்தில் 'ய'வுக்கான எழுத்தையே ஈ என்றும் படிக்கலாம், ஐ என்றும் படிக்கலாம்; அதனால் சிலர் தீமூர் என்றார்கள், உருதுக்காரர்கள் தைமூர் என்றார்கள், நம் பாடப்புத்தகத்தில் இருப்பதும் அந்த உருது உச்சரிப்புதான். மூலம் 'தெமூர்' என்பதற்கு நெருக்கம்.

கேள்வி: துருக்கியில் 'தெமிர்' என்று நிறையப் பேருக்குப் பெயர் இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றேதான், ஆனால் அங்கே சொல்லும்போது முதல் ஒலி 'தயிர்' என்பதில் வருவது இல்லை, 'தேவி' என்பதில் வருவது மாதிரி மெலிந்த ஒலி. கிழக்கே வல்லொலியாக இருப்பது துருக்கி நாட்டு மொழியில் பல சொற்களில் மெலிந்துவிடும். கசகஸ்தானில் 'தெமிர்தாவ்' என்று ஒரு நகரம் இருக்கிறது. தெமிர் இரும்பு, தாவ் மலை. உருக்காலை ஊர், பெயர் அப்படியே பொருந்துகிறது.

கேள்வி: செங்கிஸ்கானின் இயற்பெயர் தெமுஜின். தொடர்பு உண்டா?

உண்டு. மங்கோலிய மொழியிலும் இரும்புக்கு இதே சொல்தான், தெமுஜின் என்பதைப் பொதுவாகக் 'கொல்லன்' என்று விளக்குவார்கள். தம்பி தெமுகே, தங்கை தெமுலுன். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே வேர், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

கேள்வி: 'தைமூர் லங்' என்பதில் லங் குடும்பப் பெயரா?

தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். லங் என்றால் பாரசீகத்தில் நொண்டி. வேண்டாதவர்கள் ஒட்டிய பட்டம். அவர் தன்னை அமீர் என்றுதான் சொல்லிக்கொண்டார், செங்கிஸ் வம்சத்தில் பிறக்காததால் கான் என்று போட்டுக்கொள்ளவில்லை. அந்த வம்சத்துப் பெண்ணை மணந்ததால் 'குர்கான்', அதாவது மருமகன், என்ற பட்டத்தைப் பெருமையாக வைத்துக்கொண்டார். ஊனம் உண்மைதான். 1941 ஜூனில் சோவியத் மானிடவியலாளர் கெராசிமோவ் சமர்கண்டில் கல்லறையைத் திறந்து எலும்புகளைப் பார்த்தபோது வலது காலிலும் வலது கையிலும் பழைய காயம் தெரிந்தது.

கேள்வி: அந்தக் கல்லறையைத் திறந்த சாபத்தால்தான் ஹிட்லர் சோவியத் யூனியன் மீது படையெடுத்தார் என்கிறார்களே?

படையெடுப்புக்கான உத்தரவில் ஹிட்லர் கையெழுத்திட்டது 1940 டிசம்பரில். கல்லறை திறக்கும் முன்பே ஆறு மாதம் ஓடிவிட்டது.

கேள்வி: பிள்ளைக்குப் போய் இரும்பு என்று ஏன் பெயர்?

பிள்ளை உறுதியாக நிற்க வேண்டும் என்ற ஆசைதான். 'போலாத்' என்றால் உருக்கு, 'காயா' என்றால் பாறை, எல்லாம் அந்த வகை. பிறந்த குழந்தைகள் தங்காத வீடுகளில் 'துர்சுன்' என்று வைப்பார்கள், 'இருக்கட்டும்' என்று பொருள். அம்மா ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அதையே வேண்டிக்கொள்கிற மாதிரி.

கேள்வி: என் கசக் நண்பர் பெயர் தெமிர்லான். இதுவும் அதுதானா?

ஆமாம், தைமூர் லங் தேய்ந்து ஒரே சொல்லானது. அந்த 'லான்' பழைய 'நொண்டி'தான், ஆனால் இன்று வைப்பவர்கள் யாரும் அந்த அர்த்தத்தில் வைப்பதில்லை, அவர்களுக்கு அது வீரனின் பெயர். நண்பரிடம் இரும்பை மட்டும் சொல்லுங்கள்.