நகை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்

கேள்வி: நான் 27 வயதுப் பெண். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் மாதம் 18,000 ரூபாய் சம்பளம். நான்கு வருடமாகச் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு என் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு போகிறேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து, இரண்டரை லட்சத்துக்குக் கேமரா, லென்ஸ் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஆவணி பிறந்ததும் கல்யாண போட்டோகிராஃபி ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா?
எஸ்.கே., திண்டுக்கல்

பதில்: முதலில் ஆவணி விஷயம். ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் சித்திரை, வைகாசியிலேயே மண்டபம் பிடித்திருப்பார்கள். அந்தக் கையோடு சமையல்காரர், அப்புறம் போட்டோக்காரர். ஆவணி முதல் தேதி நீங்கள் போர்டு மாட்டும்போது அந்த மாதத்து வேலையெல்லாம் யாரோ ஒருவர் கைக்குப் போயிருக்கும். புரட்டாசியில் பல வீடுகளில் வைக்கமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒன்றிரண்டு அகப்படலாம். மார்கழி மறுபடி சும்மா. கையில் காசு புரளத் தை ஆகிவிடும். அடகு வட்டிக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது.

அதனால் வேலையை விடாதீர்கள். உங்கள் ஊரில் நன்றாக ஓடுகிற ஒரு ஸ்டூடியோக்காரரிடம் போய், சனிக்கிழமை ரிசப்ஷனுக்கும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கும் இரண்டாவது ஆளாக வருகிறேன் என்று கேளுங்கள். ஒரு சீசன் போதும். திண்டுக்கல்லில் கிறிஸ்தவ வீடுகள் நிறைய. அங்கே ஆடி ஒரு தடையில்லை, தவக்காலத்தில்தான் வேலை குறையும். எனவே ஆடியிலும் சும்மா இருக்க வேண்டியதில்லை. படம் எடுக்க உங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் இடம் பிடிக்கத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கெட்டிமேளம் கொட்டிய பிறகு இடம் தேடினால், மொபைலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாய்மாமன் முதுகுதான் பிரேமில் இருக்கும்.

கேமராவை இப்போதைக்கு நாள் வாடகைக்கு எடுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, ஒரு ஃபிளாஷ், நல்ல மெமரி கார்டுகள், இரண்டு ஹார்டு டிஸ்க். அந்த லென்ஸ் விலை குறைவு, மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கும் தாங்கும். வாடகைக்கு எடுத்தாலும் சரி, பின்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் சரி, ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிகிற கேமராவாகப் பாருங்கள். ஒற்றைக் கார்டு படுத்துவிட்டதால் ஒரு நிச்சயதார்த்தமே இல்லாமல் போய், பெண்ணின் அப்பா முன்னால் நான் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். பழைய கேமரா என்றால் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இனி பணம். இந்தத் தொழிலில் காசு மாட்டிக்கொள்கிற இடம் ஆல்பம். புதிதாக வருகிற யாரும் இதைக் கணக்கில் வைப்பதில்லை. கல்யாணத்தில் இரண்டாயிரம் படம் எடுத்துக் கொடுப்பீர்கள். ஆல்பத்துக்கு இருநூறு தேர்ந்தெடுத்துத் தாருங்கள் என்பீர்கள். பெண் பெங்களூரு போயிருப்பாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தன் அண்ணன் தம்பி குடும்பம் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. மாதங்கள் ஓடும். “மீதியை ஆல்பம் வாங்கும்போது தருகிறோம்” என்று பேசியிருந்தால் அந்த மீதியும் கூடவே ஓடும். ஆல்பம் அச்சடிக்கிற லேபுக்கோ நீங்கள் உடனே கட்டியாக வேண்டும். 12-க்கு 36 அங்குலத்தில் அச்சடித்து, பெட்டியோடு, என் அலமாரியில் ஒரு ஆல்பம் நான்கு வருடமாக இருக்கிறது. பாக்கி வரவில்லை. இதற்கிடையில் அந்தத் தம்பதிக்குப் பிள்ளை பிறந்து காதுகுத்தும் முடிந்துவிட்டது. அதற்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்!

ஆகவே ஆல்பத்துக்குத் தனி விலை போடுங்கள். படம் எடுக்கிற கூலியில் மூன்றில் ஒரு பங்கு பதிவின்போது, இன்னொரு பங்கு ரிசப்ஷன் மாலைக்குள், மூன்றாவது பங்கு, படங்களை ஒப்படைக்கும்போது. தேர்ந்தெடுப்பதற்குச் சின்ன அளவில், உங்கள் பெயர் குறுக்கே ஓடுகிற பிரதிகளை அனுப்புங்கள். பணம் வந்த பிறகு பென்டிரைவ். 45 நாளுக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள் என்பதையும் எழுத்தில் வையுங்கள். வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொந்தக்காரரிடம் கேட்கத்தான் வாய் வராது.

இன்னொரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். நாம் எடுத்த படம் நமக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் முதல் உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால். கேட்காமல் மணப்பெண் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு விளம்பரம் தேடாதீர்கள். பதிவின்போதே அதற்கு ஒரு வரி சேர்த்துச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

அரசாங்கக் காகித வேலை பெரிதாக ஒன்றுமில்லை. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. கடன் வேண்டுமென்றால், சிறுதொழிலுக்கு வங்கிக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள். நான் சொன்ன லென்ஸ், ஃபிளாஷ், டிஸ்க் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மாவட்டத் தொழில் மையத்திலும் மானியத் திட்டங்களைக் கேட்டுப் பாருங்கள்.

கல்யாணத்தையே பிடித்துக்கொண்டு தொங்கவும் வேண்டாம். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பிறந்த குழந்தை படங்கள் இதற்கெல்லாம் பெண் போட்டோகிராஃபர் வேண்டும் என்று தேடுகிற வீடுகள் உண்டு. மணப்பெண் அலங்கார அறைக்குள் போகவிடாமல் எங்களைப் போன்ற ஆண்களை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். உங்களை உள்ளே கூப்பிடுவார்கள்.

கடைசியாக, எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடமாக அவர்கள் வாங்கிக்கொண்டது இலவசப் படம். அடுத்த வளைகாப்புக்குக் கூப்பிடும் சித்தியிடம் ஐயாயிரம் ரூபாய் ஆகும் என்று சொல்லிப் பாருங்கள். தந்துவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தக் கேமரா வாங்கலாம் என்று அப்போது பேசுவோம்.