போதகர் வீட்டுப் போர்

கேள்வி: 'இன்டிவிசிபிள்' என்ற ஆங்கிலப் படத்தைத் தோழி பார்க்கச் சொல்கிறாள். வெறும் மதப் பிரச்சாரம் என்கிறார் கணவர். பார்க்கலாமா?

பதில்: பிரச்சாரம் உண்டுதான், மறைக்கவும் இல்லை. 2018-ல் வந்த இந்தப் படம் டேரன் டர்னர் என்ற அமெரிக்க ராணுவப் போதகரின் வாழ்க்கையில் நடந்ததை வைத்து எடுத்தது. மனைவி ஹெதரையும் மூன்று குழந்தைகளையும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விட்டுவிட்டு 2007-ல் இராக் போகிறார். தரைப்படையினர் ஒரே மூச்சில் போர்முனையில் இருக்கவேண்டிய பணிக்காலத்தை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டிய வருடம் அது. போதகர் ஆயுதம் ஏந்தக் கூடாது. கூடவே வரும் உதவியாளர்தான் துப்பாக்கியோடு காவல். அத்தனை வீரர்களுக்கும் ஆறுதல் சொன்ன மனிதர், திரும்பி வந்ததும் சொந்த வீட்டில் எரிந்து விழுகிறார்.

எனக்கு இராக்கைவிட ஊரில் இருக்கும் மனைவிமார் கதைதான் பிடித்தது. அமெரிக்க ராணுவத்தில் மரணச் செய்தியை நேரில் வந்துதான் சொல்வார்கள். சீருடையில் ஓர் அதிகாரி, பெரும்பாலும் கூடவே ஒரு போதகர். காலிங் பெல் அடித்தாலே வயிற்றில் புளி கரைக்காதா? ஹெதராக வரும் சாரா ட்ரூவை 'கிரேஸ் அனாடமி' என்ற அமெரிக்க டிவி தொடர் பார்த்தவர்களுக்குத் தெரியும். கணவராக வரும் ஜஸ்டின் ப்ரூனிங் அந்தத் தொடரிலும் அவருக்கு ஜோடி!

குறை? இடிந்த மனம் ஜெபத்தில் கொஞ்சம் சீக்கிரமாகவே நிமிர்ந்துவிடுகிறது. போர்க் காட்சிகளில் பட்ஜெட் பல்லிளிக்கிறது. சரி, கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். நடுவில் சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல.